நாலு தபால் கார்டு

புதுசாகக் கார் வாங்கிய இளைஞர்கள் முதல் ஆறு மாதத்தில் செய்யும் காரியங்களுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதல் வாரம் ஸீட் கவர். இரண்டாம் வாரம் டேஷ்போர்டில் சாமி. (எங்கள் திருவண்ணாமலையில் சாமி முதலில், ஸீட் கவர் அப்புறம்.) மூன்றாம் மாதம், பின்னால் உட்கார்ந்தவர் நெஞ்சு அதிர்கிற மாதிரி ஸ்பீக்கர். அப்புறம் கொஞ்ச நாள் சும்மா இருப்பார்கள். ஆறாம் மாதம், சிக்னலில் பக்கத்தில் வந்து நிற்கிற காரின் சக்கரத்தைப் பார்ப்பார்கள். வினை அங்கேதான் ஆரம்பம்.

"அவனுது பதினேழு இஞ்ச் அலாய், அண்ணா. டயர் சும்மா ரிப்பன் கட்டின மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. நம்மளுதப் பாருங்க, மாட்டு வண்டி கணக்கா!"

எங்கள் தெருப் பையன்தான். பெங்களூரில் வேலை. வெள்ளிக்கிழமை ராத்திரி ஆபீஸ் விட்டதும் கிளம்பி ஓசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியாகச் சுமார் இருநூறு கி.மீ. ஓட்டிக்கொண்டு வந்து, அம்மா கையால் ரெண்டு நாள் சாப்பிட்டு, ஞாயிறு சாயங்காலம் அதே ரோட்டில் திரும்புகிறவன். கார், செகண்ட் ஹாண்ட் ஸ்விஃப்ட். இஞ்சின் கன ஜோர். டயர்கள் நாலும் மொட்டை. கையில் போனஸ் பணம். 'எந்த சைஸ் போட்டால் கெத்தாக இருக்கும்?' என்பது கேள்வி.

'எந்த சைஸ் போட்டால் நிற்கும்?' என்று ஒருத்தரும் கேட்பதில்லை. இந்த வாரம் அதைத்தான் பேசப் போகிறோம்.

முதலில் டயரின் கன்னத்தில் எழுதியிருப்பதை வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஜாதகம் பார்க்கிற மாதிரிதான், ஆனால் இதில் பொய் கிடையாது. 185/65 ஆர்15 88எச் என்று இருக்கிறது என்று வையுங்கள். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது, அந்த அகலத்தில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு பக்கச் சுவரின் உயரம். (அது 65 மில்லிமீட்டர் இல்லை, இங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள்.) 'ஆர்' என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், இஞ்சில். ஒரே ஜாதகத்தில் மில்லிமீட்டர், சதவீதம், இஞ்ச் மூன்றும்! யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் வீட்டில் அரிசியைப் படியில் வாங்கி, கிலோவில் சமைத்து, டஜன் கணக்கில் சாப்பிடுவார்கள் போலிருக்கிறது.

மீதி இருக்கும் 88, ஒரு டயர் தாங்கக்கூடிய எடையின் ரகசிய எண். 88 என்றால் 560 கிலோ. 84 என்றால் 500. கடைசி எழுத்து, அந்த எடையோடு டயர் தாங்குகிற வேகம். 'எஸ்' 180 கி.மீ., 'டி' 190, 'எச்' 210, 'வி' 240. எக்ஸ்பிரஸ்வேயில்கூட காருக்கு உச்ச வேகம் 120 என்று 2018ல் மத்திய அரசு நிர்ணயித்தது. ஆகவே 'வி' போட்டால்தான் வண்டி பறக்கும் என்று கடைக்காரர் சொன்னால் புன்னகை செய்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடலாம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கால்குலேட்டர் போதும். 185ல் 65 சதவீதம் 120 மி.மீ. சொச்சம். மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 240. பதினைந்து இஞ்ச் ரிம் 381 மி.மீ. கூட்டினால் சக்கரத்தின் மொத்த உயரம் 621. இதே ஸ்விஃப்டின் கீழ் மாடல்களுக்கு கம்பெனி கொடுப்பது 165/80 ஆர்14. அதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 619. ரிம் ஒரு இஞ்ச் வளர்ந்தும் சக்கரத்தின் உயரம் இரண்டு மில்லிமீட்டர்தான் மாறியிருக்கிறது! ரிம் வளர்ந்த அளவுக்கு ரப்பரைக் குறைத்துவிட்டார்கள். சைஸ் மாற்றுவதன் சூட்சுமமே இதுதான். ஏனென்றால் உங்கள் ஸ்பீடாமீட்டர், கிலோமீட்டர் கணக்கு எல்லாம் சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்பதை நம்பித்தான் பிழைக்கின்றன. ஆசைப்பட்டு 205/65 ஆர்15 போட்டால் உயரம் 647 ஆகிவிடும். மீட்டர் நூறு காட்டும்போது நீங்கள் நூற்று நாலில் போய்க்கொண்டிருப்பீர்கள். போலீஸ்காரர் கையில் இருக்கும் கருவி உங்கள் மீட்டரைக் கேட்டுக்கொண்டு இயங்குவதில்லை. மொத்த உயரம் மூன்று சதவீதத்துக்கு மேல் மாறக் கூடாது என்பது டயர் வியாபாரத்தில் பொதுவாக ஒப்புக்கொண்ட எல்லை.

அந்த எல்லைக்குள் பையன் ஆசைப்பட்ட பதினேழு இஞ்சும் வருகிறது. 205/45 ஆர்17 போட்டால் உயரம் 616. மீட்டர் கெடாது. "பாத்தீங்களாண்ணா!" என்றான்.

பார்த்தேன். வேறொரு எண்ணையும் பார்த்தேன். பக்கச் சுவர் 120 மி.மீட்டரிலிருந்து 92க்கு இறங்கிவிட்டது. ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு போச்சு. அந்தச் சுவரும் அதற்குள்ளிருக்கும் காற்றும்தான் ரோட்டுக்கும் ரிம்முக்கும் நடுவே இருக்கிற மெத்தை. உயரமான சுவர் பள்ளத்தில் இறங்கி நசுங்கிக் கொடுக்கும். குட்டைச் சுவர் கொடுக்காது. ஓரமான பள்ளத்தில் வேகமாக விழுந்தால் ரிம் பல்லைக் கடிக்கிற மாதிரி ரப்பரைக் கடித்துவிடும். உள்ளே இருக்கும் நூல் அறுந்து, டயர் கன்னத்தில் பன்னு மாதிரி வீங்கும். அப்படி வீங்கின டயருக்குப் பஞ்சர் கடையில் வைத்தியம் கிடையாது. குப்பைதான். ரிம் வளைந்தால் தட்டி எடுக்கலாம் என்பார்கள். தட்டி எடுத்த அலாய்க்கு விரிசல் விட ஒரு உரிமை உண்டு, அதை எந்த நேரத்தில் பயன்படுத்திக்கொள்ளும் என்று தெரியாது.

சரி, எங்கள் பக்கத்து ரோட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ஸ்பீடு பிரேக்கர். சில ஊருக்கு இரண்டு. சில ஊர்க்காரர்கள் சொந்தமாகவே ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் பெயின்ட் கிடையாது. ஜெர்மனியில் ஸ்கேல் வைத்துப் போட்ட ரோட்டுக்கு நாற்பத்தைந்து சரி. இங்கே?

இன்னொரு சங்கதி. 205/45 ஆர்17 சாதாரண ரகத்தில் வருவது 84 என்கிற எடை எண்ணோடு. அதாவது ஒரு டயருக்கு 60 கிலோ குறைவு. அகலமான டயர், ஆனால் சுமக்கிற சக்தி கம்மி! தீபத்துக்கு மாமா, அத்தை, இரண்டு பெட்டி, ஒரு மூட்டை அரிசி என்று ஏற்றிக்கொண்டு வருகிற குடும்பத்துக்கு இது கவனிக்க வேண்டிய எண். பெரிய ரிம் பொதுவாகக் கனமும் அதிகம். ஸ்பிரிங்குக்குக் கீழே ஏறுகிற ஒவ்வொரு கிலோவும் பிக்கப்பிலும், மைலேஜிலும், பின் ஸீட்டில் உட்காருகிற அம்மாவின் முதுகிலும் தெரியும். அம்மா வெளியே சொல்ல மாட்டார். "நல்லாத்தாம்ப்பா இருக்கு" என்பார்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

ஒரு கார் பூமியைத் தொடுவது எவ்வளவு இடத்தில்? நாலு பேர் உட்கார்ந்த ஸ்விஃப்ட் சுமார் 1,200 கிலோ. சக்கரத்துக்கு 300. டயரில் காற்று சதுர இஞ்சுக்கு 32 பவுண்டு. நம் கணக்கில் சதுர செண்டிமீட்டருக்கு இரண்டேகால் கிலோ. 300ஐ இரண்டேகாலால் வகுத்தால் 133 சதுர செ.மீ. தபால் கார்டு ஞாபகம் இருக்கிறதா? பதினாலுக்கு ஒன்பது. 126 சதுர செ.மீ. அவ்வளவுதான் ஸார்! நீங்கள், உங்கள் மனைவி, குழந்தை, அம்மா, லோன், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து, மணிக்கு நூறு கி.மீட்டரில் போகும்போது உலகத்தோடு உங்களுக்கு இருக்கும் சம்பந்தம் நாலு தபால் கார்டு.

இதில் ஒரு வேடிக்கை. அகல டயர் போட்டால் கார்டு பெரிசாகும் என்றுதானே நினைக்கிறோம்? எடை அதே, காற்று அதே என்றால் பரப்பும் ஏறக்குறைய அதேதான். கார்டைத் திருப்பி வைத்த மாதிரி, குறுக்கே அகலமாகவும் நெடுக்கில் குட்டையாகவும் ஆகிறது. இதனால் திருப்பத்தில் லாபம் உண்டு, மறுக்கவில்லை. வளைவில் டயர் கோணாமல் நிற்கும், ஸ்டியரிங் திருப்பினதும் மூக்கு திரும்பும். ஸ்போர்ட்டியாக ஓட்டுகிறவனுக்கு அந்தச் சுகம் தெரியும். ஆனால் பிடிமானத்தில் பெரும்பங்கு வருவது அந்தக் கார்டு எந்த ரப்பரில் செய்தது என்பதிலிருந்து.

ரப்பர் என்றால் நாம் சாதாரணமாக நினைக்கிறோம். மிருதுவான ரப்பர் ரோட்டின் நுண்ணிய கரடுமுரடுகளில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சீக்கிரம் தேயும். கெட்டி ரப்பர் உழைக்கும். ஆனால் ஈரத்தில் வழுக்கும். 1990களின் ஆரம்பத்தில் மிச்செலின் கம்பெனி கரித்தூளுக்குப் பதில் பெரும்பகுதி சிலிக்காவைச் சேர்த்து, ஈரப் பிடிப்பையும் மைலேஜையும் ஒருசேரக் கூட்டும் வழியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கப்புறம் எல்லாரும் சிலிக்காதான். இருந்தாலும் இன்னும் மூன்று ஆசைகளையும் முழுசாகத் தீர்க்கிற டயர் பிறக்கவில்லை. பைலட் ஸ்போர்ட், பொடென்ஸா, அட்வான் என்று பெயரைக் கேட்டாலே ஆக்ஸிலரேட்டரை மிதிக்கத் தோன்றும் பர்ஃபார்மன்ஸ் டயர்கள் பிடிப்புப் பக்கம் சாய்ந்தவை. நம் பையன் வாரத்துக்கு 400 கி.மீ. ஓட்டுகிறான். வருஷத்துக்கு 20,000. மிருது ரப்பரைப் போட்டால் ஒன்றரை வருஷத்தில் மறுபடி டயர் கடை வாசலில் நிற்பான். அதற்குள் அடுத்த போனஸ் வரவேண்டும்.

(ரேஸ் காருக்கு ஏன் பட்டனே இல்லாமல் மொட்டையாக டயர் போடுகிறார்கள் என்று ஒருத்தர் கேட்டார். காய்ந்த தரையில் பட்டனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பட்டனுக்கு நடுவே இருக்கும் பள்ளம் தண்ணீர் ஓடுவதற்கு மட்டும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் மழை வந்தால் அவர்களும் டயரை மாற்றிக்கொண்டுதான் போவார்கள். உங்கள் மொட்டை டயரை யாரும் ரேஸ் டயர் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.)

எங்கள் ஊர்த் தேரைப் பார்த்திருப்பீர்கள். கார்த்திகை தீபத் திருவிழாவில் ஏழாம் நாள், மாட வீதியில் மகா ரதம் அசைந்து வரும். வடம் பிடிக்கிற ஆயிரக்கணக்கான பேரைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். என் கண் எப்போதும் சக்கரத்துப் பக்கம் குனிந்து நிற்கும் அந்த முட்டுக்கட்டை போடுகிறவர் மேல்தான். அவர் கட்டையைச் செருகினால்தான் தேர் நிற்கும், திரும்பும். அத்தனை பேர் பலத்தால் கிளம்பின வண்டியை நிறுத்துவது ஒரு மரத்துண்டுக்கும் தரைக்கும் நடுவே இருக்கிற உரசல். காரிலும் அதே கதை. பிரேக் நிறுத்துவது சக்கரத்தை மட்டும். சக்கரம் நின்றபிறகும் கார் போய்க்கொண்டேயிருக்கலாம். காரை நிறுத்துவது டயர்.

எவ்வளவு தூரத்தில் நிறுத்தும்? பள்ளிக்கூடத்து பிசிக்ஸ்தான். மணிக்கு நூறில் போகிற இரண்டு கார்கள். ஒன்றின் டயருக்கு ஈர ரோட்டில் பிடிமானம் 0.8 என்று வைப்போம். மற்றது கட்டியாகிப்போன பழைய டயர், 0.6. ஒரே இடத்தில் இரண்டு பேரும் பிரேக்கை அழுத்துகிறார்கள். முதல் கார் 49 மீட்டரில் நிற்கிறது. இரண்டாவது 65 மீட்டரில். 'பதினாறு மீட்டர்தானே, ஒரு லாரி நீளம் இருக்குமா' என்று தோன்றும். ஆமாம், ஒரு லாரி நீளம்தான். ஆனால் முதல் கார் சாதுவாக நின்றுவிட்ட அந்தப் புள்ளியை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் என்ன தெரியுமா? மணிக்கு ஐம்பது! வேகத்தில் பாதி மிச்சம் இருக்கிறது. அந்தப் புள்ளியில் நிற்பது பின் விளக்கு இல்லாத கரும்பு டிராக்டராக இருந்தால்...

இதைச் சொன்னதும் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. செங்கம் ரோட்டில் ராத்திரி வருகிறவனுக்குக் கரும்பு டிராக்டரை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2023 அக்டோபரில் செங்கம் அருகே அடுத்தடுத்து நடந்த இரண்டு பெரிய விபத்துகளை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அவற்றுக்குக் காரணம் டயர் என்று சொல்ல வரவில்லை. அது எப்படிப்பட்ட ரோடு என்பதற்குச் சொல்கிறேன்.

மழையில் இன்னொரு ஆபத்து. ரோட்டில் தேங்கின தண்ணீரை டயர் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும். ஒரு வேகத்துக்கு மேல் ஒதுக்க நேரம் போதாமல் டயர் தண்ணீர் மேலேயே ஏறி மிதக்கும். அப்போது ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும். நம் நாலு கார்டும் தபாலில் தொலைந்தன. 1960களில் அமெரிக்காவின் நாசா விமான டயர்களை வைத்து ஆராய்ந்து, மிதக்கிற வேகம் முக்கியமாகக் காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்று சூத்திரம் போட்டது. அந்தக் கணக்கில், 33 பவுண்டு காற்று இருந்தால் சுமார் 95 கி.மீ. வேகத்தில் மிதக்கும். 25 பவுண்டுக்கு இறங்கிவிட்டால் 83லேயே மிதக்கும். இது மொட்டை டயருக்கும் நல்ல ஆழமான தண்ணீருக்கும் போட்ட கணக்கு. புது டயரில் சுமார் எட்டு மி.மீ. பள்ளம் இருக்கும், தண்ணீர் அதன் வழியே ஓடி அந்த வேகத்தைத் தள்ளிப்போடும். சட்டம் 1.6 மி.மீ. வரை தேய அனுமதிக்கிறது. ஆனால் தண்ணீருக்குச் சட்டம் தெரியாது. மூன்றுக்குக் கீழே வந்தாலே மாற்றத் தயாராவது நல்லது. இதில் அகல டயர் ஒதுக்க வேண்டிய தண்ணீர் அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் தீபம் வருவதே ஐப்பசி, கார்த்திகை அடைமழையை ஒட்டித்தான். 2024 டிசம்பர் ஃபெஞ்சல் மழையில் எந்த ரோடு இருக்கிறது, எந்த ரோடு போய்விட்டது என்றே தெரியாமல் இருந்தோம்.

"பெரிய கம்பெனி டயராப் போட்டுட்டா போதும் இல்லண்ணா?"

இதற்குப் பதிலாக நம் கோயம்புத்தூர் பையன் கதை ஒன்று. 2005ல் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். ஜோர்டான் டீம். வேகமில்லாத கார். அந்த வருஷம் ஜூன் 19, அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் பந்தயம். அங்கே கடைசி வளைவு சாய்தளமாகக் கட்டினது; முழு வேகத்தில் போகவேண்டும். வெள்ளிக்கிழமை ஒத்திகையில் ரால்ஃப் ஷூமேக்கரின் டொயோட்டாவுக்கு அந்த வளைவில் டயர் போய், சுவரில் மோதினார். மிச்செலின் தன் டயர்கள் அந்த வளைவைத் தாங்கும் என்று உறுதி கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இருபது கார்கள் கிளம்பின. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மிச்செலின் போட்ட பதினாலும் நேராக ஷெட்டுக்குள் போய்விட்டன! மிச்சம் ஆறு, எல்லாம் பிரிட்ஜ்ஸ்டோன் போட்டவை. நரேன் நாலாவதாக வந்தார். ஐந்து புள்ளிகள். அவருடைய ஃபார்முலா ஒன் வாழ்க்கையில் வாங்கிய மொத்தப் புள்ளிகளும் அவைதான். மற்ற பந்தயங்களில் மிச்செலின் அந்த வருஷம் கொடி நாட்டிய கம்பெனி. ஆனால் அந்த ஒரு வளைவுக்கு அந்த டயர் சரியில்லை. செங்கம் ரோட்டுக்கு எது சரி என்பதைப் பெயரைப் பார்த்து எப்படிச் சொல்வது?

(டயர் என்றாலே வெளிநாடு என்று நினைப்பவர்களுக்கு: எம்.ஆர்.எஃப்., 1946ல் திருவொற்றியூரில் கே.எம்.மாமன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்த கம்பெனி. பலூனிலும் டயரிலும் அடிப்படைச் சரக்கு ஒன்றுதான் - ரப்பர், காற்று.)

கடைசியில் அவனுக்கு நான் சொன்னது: ரிம்மை மாற்றாதே. பதினைந்தே இருக்கட்டும். கம்பெனி சைஸ் 185/65லேயே, ஈரப் பிடிப்புக்குப் பேர் வாங்கின நல்ல ரகத்தை எடு. கொஞ்சம் அகலம் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் 195/60 ஆர்15. உயரம் 615, ஒரு சதவீதம்தான் குறைவு. சுவர் 117, மெத்தை அப்படியே இருக்கும். ரிம் அகலம் ஐந்தரை இஞ்ச் இருந்தால் 195 ஒழுங்காக உட்காரும். அதற்குக் குறைந்தால் வேண்டாம். பதினாறு இஞ்ச்தான் வேண்டும் என்று சாஸ்திரம் சொன்னால் 195/55 ஆர்16. உயரம் 620, கணக்கு நூல் பிடித்த மாதிரி ஒத்துப்போகிறது. பதினேழு, ரோட்டைப் பார்த்துவிட்டு வாங்க வேண்டியது. நம் ரோட்டைப் பார்த்தால் வாங்கத் தோன்றாது. கம்பெனி கொடுக்காத சைஸ் எதைப் போட்டாலும் இன்சூரன்ஸ்காரருக்கு முன்னாலேயே எழுத்தில் சொல்லிவிடு. அப்புறம் க்ளெய்ம் சமயத்தில் அவர் உனக்குச் சொல்லுவார்.

"அப்போ இவ்ளோ செலவு பண்ணியும் வெளியப் பார்த்தா ஒண்ணுமே தெரியாதாண்ணா?"

"தெரியாது தம்பி."

அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. சம்பாதிக்கிற வயசில் சக்கரம் மின்ன வேண்டும் என்று ஆசைப்படுவதில் என்ன தப்பு? ரிம்மைக் கறுப்புப் பெயின்ட் அடித்துக்கொள் என்றேன். அதற்கு பிசிக்ஸில் ஆட்சேபணை இல்லை.

கடைக்குப் போனதும் பார்க்க வேண்டியது: டயரின் கன்னத்தில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025ம் வருஷம் இருபத்து மூன்றாவது வாரம் பிறந்த டயர். ரப்பருக்கு வயசானால் கெட்டிப்படும், ஓடாமல் சும்மா கிடந்தாலும். ஆஃபரில் தருகிறார் என்றால் முதலில் அந்த நாலு இலக்கத்தைப் பாருங்கள். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிறோம், இதற்குப் பார்க்க வெட்கப்படுகிறோம். கடைக்காரர் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது ஸார்" என்பார். அவருக்கு ஒன்றும் ஆகாதுதான்.

காசு இரண்டு டயருக்குத்தான் இருக்கிறது என்றால் புதுசு இரண்டையும் பின்னால் போடச் சொல்லுங்கள். முன் சக்கரம் இழுக்கிற வண்டிதானே, முன்னால்தானே போடணும் என்று எல்லாரும் சண்டைக்கு வருவார்கள். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். காலை எடுத்தால் வேகம் குறைந்து பெரும்பாலும் வசத்துக்கு வந்துவிடும். பின் டயர் வழுக்கினால் வண்டி பம்பரம் மாதிரி சுற்றும். அதை அடக்க ரேஸ் ஓட்டுகிறவனாலேயே எல்லாச் சமயத்திலும் முடியாது. டயர் கம்பெனிகளும் பின்னால் போடுங்கள் என்றுதான் சொல்கின்றன.

காற்று, வண்டி ஓடி சூடாவதற்கு முன் பார்க்கவேண்டும். ஐந்தாறு டிகிரி சூடு ஏறினால் சுமார் ஒரு பவுண்டு ஏறும். எங்கள் ஊர் மே மாச வெயிலில் பெங்களூரிலிருந்து வந்து இறங்கினவுடன் பார்த்தால் எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும். "ஜாஸ்தியா இருக்கு ஸார்" என்று இறக்கிவிடுவார்கள். மறுநாள் காலையில் குறைவாக நிற்கும். எவ்வளவு வைக்க வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் உள்ளே ஸ்டிக்கரில் இருக்கிறது. ஆள் நிறைய இருந்தால் வைக்க வேண்டிய அளவும் அதிலேயே இருக்கும். நைட்ரஜன் அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: இப்போது அடிக்கிற காற்றிலேயே நூற்றுக்கு எழுபத்தெட்டு பங்கு அதுதான், அதுவும் இலவசம்.

ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். இந்த வார்த்தை வேல்ஸ் நாட்டு லானெல்லி ஊரில் இருக்கும் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. 1904ல் அங்கே உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள். வெள்ளைக்காரர்கள் அந்தப் பேரை மறந்துவிட்டார்கள், நாம் இன்னும் விடவில்லை. சைஸ் மாற்றுகிறவர்கள் நாலு சக்கரத்தோடு நிறுத்திவிடுவார்கள். டிக்கியில் படுத்திருப்பது பழைய சைஸ், பழைய காற்று. மொத்த உயரம் ஒத்துப்போனால் பஞ்சர் கடை வரை மெதுவாகப் போய்ச் சேரலாம். காற்று இருந்தால். சிங்காரப்பேட்டைக்கும் செங்கத்துக்கும் நடுவில் ராத்திரி பதினொன்றரை மணிக்கு டிக்கியைத் திறந்து அதைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பதைவிட, இந்த ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் போடும்போது "அதையும் பாருப்பா" என்று சொல்லிவிடலாம். பெட்டியெல்லாம் இறக்கி வைக்கணும் என்று பையன் முணுமுணுத்தான். இறக்கி வைத்தான். பன்னிரண்டு பவுண்டு இருந்தது.